பண்பு அட்டவணை: கியூஜிஐஎஸ் பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வரைபடத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய விவரங்களை வரிவரியாக வைத்திருப்பது பண்பு அட்டவணை. அதன் நெடுவரிசையைப் புலம் என்றும், வடிவங்களும் அட்டவணையும் சேர்ந்த ஒரு தரவு அடுக்கை லேயர் என்றும் சொல்கிறோம். கீழே உள்ளவை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் 3 வரிசைப் பதிப்புகளுக்கு எழுதப்பட்டவை. மெனு, கருவி, ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்பெயர்ப்பாகத் தந்திருக்கிறோம். மென்பொருளில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். புலப் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைத்து எக்ஸ்பிரஷன் (கணக்கீட்டு வாய்பாடு) எழுதலாம், ஓடும். எடுத்துக்காட்டுகளில் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

ஷேப்ஃபைலில் பண்பு அட்டவணை எந்தக் கோப்பில் இருக்கிறது?

டிபிஎஃப் கோப்பில். ஷேப்ஃபைல் என்பது ஒரே பெயர் கொண்ட பல கோப்புகளின் தொகுப்பு: எஸ்எச்பி கோப்பு வடிவத்தை வைத்திருக்கும், எஸ்எச்எக்ஸ் அதற்கான சுட்டு. இந்த மூன்றும் இல்லாமல் லேயர் முழுமையாகாது. பிஆர்ஜே கோப்பு போனால் ஆயத்தொலை முறை போய்விடும். சிபிஜி கோப்பு போனால் தமிழ் எழுத்து கெடலாம். யாருக்காவது ஷேப்ஃபைல் அனுப்பும்போது எஸ்எச்பியை மட்டும் மின்னஞ்சலில் இணைக்காதீர்கள். ஒரே பெயர் கொண்ட எல்லாக் கோப்புகளையும் ஜிப் செய்து அனுப்புங்கள்.

டிபிஎஃப் கோப்பை லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்து திருத்தலாமா?

மதிப்புகளை மட்டும் மாற்றிச் சேமித்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். வரிசைப்படுத்திச் சேமித்தால் லேயர் நாசம். எஸ்எச்பியில் உள்ள 1-வது வடிவத்துக்கு டிபிஎஃப்பின் 1-வது வரி, 2-வது வடிவத்துக்கு 2-வது வரி என்பதுதான் இரண்டுக்கும் உள்ள ஒரே தொடர்பு. இணைக்கும் எண் எதுவும் உள்ளே கிடையாது. அகர வரிசையில் அடுக்கிவிட்டால் அரியலூரின் விவரம் வேறொரு மாவட்டத்தின் மேல் போய் உட்காரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒரு வரியை நீக்கினாலும் இதே கதைதான்: அதற்குக் கீழே உள்ள அனைத்தும் ஒரு படி மேலே ஏறிவிடும்.

கியூஜிஐஎஸ் அட்டவணையில் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துவது வெறும் காட்சிக்குத்தான், கோப்பைத் தொடாது. எக்செல்லில் வேலை செய்தே ஆகவேண்டும் என்றால் அட்டவணையைத் தனி சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) ஏற்றுமதி செய்து, திருத்தி, குறியீட்டு எண் வழியாக மறுபடி இணையுங்கள்.

அட்டவணையைத் திறந்தாலே கணினி உறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

எஃப்6 அழுத்தினால் எல்லாப் பதிவுகளும் வரும். ஷிஃப்ட்+எஃப்6 தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் காட்டும்; கன்ட்ரோல்+எஃப்6 வரைபடத்தில் அப்போது தெரியும் பகுதியை மட்டும் காட்டும். கிராம அளவிலான லேயர்களுக்குக் கடைசி வழியே போதும். அப்படியும் மெதுவாக இருந்தால் அட்டவணையில் விர்ச்சுவல் ஃபீல்டு ஏதாவது ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படும்.

பென்சில் பொத்தான் மங்கலாக இருக்கிறது. திருத்தவே விடவில்லை.

லேயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டிலிமிட்டட் டெக்ஸ்ட் வழியாகச் சேர்த்த சிஎஸ்வியைத் திருத்த முடியாது. வேறு லேயர்களிலிருந்து வினவி உருவாக்கிய விர்ச்சுவல் லேயரும் அப்படியே. ஜிப்புக்குள்ளிருந்து நேரடியாகத் திறந்த ஷேப்ஃபைலும் பெரும்பாலும் படிக்க மட்டுமே. கோப்புறையில் எழுத அனுமதி இல்லாமலும் இருக்கலாம். எல்லாமே சரியாக இருந்தும் பென்சில் மங்கலாக இருந்தால் ப்ராஜெக்ட் ப்ராப்பர்டீஸில் டேட்டா சோர்சஸ் பகுதிக்குப் போய், அந்த லேயருக்கு ரீட் ஒன்லி குறி போடப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

தீர்வு ஒன்றுதான்: லேயரை வலச்சொடுக்கி எக்ஸ்போர்ட் மூலம் ஜியோபேக்கேஜாகச் சேமித்து, அந்தப் பிரதியில் வேலை செய்வது.

ஷேப்ஃபைல் நன்றாகத்தானே போகிறது, ஏன் ஜியோபேக்கேஜுக்கு மாற வேண்டும்?

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமே அல்ல என்பது எங்கள் கருத்து. டிபிஎஃப்பில் புலப் பெயருக்கு 10 பைட் இடம்தான் உண்டு. ஆங்கிலத்தில் அது 10 எழுத்து. யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும்; துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். 'மாவட்டம்' என்ற சொல் 8 குறிகள், 24 பைட். அதாவது டிபிஎஃப்பின் தலைப்பில் மூன்று குறிகளுக்கு மேல் இடமில்லை. 'மாவட்டம்', 'மாவட்டக் குறியீடு' என்று இரண்டு புலங்கள் இருந்தால் வெட்டுப்பட்ட பிறகு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

உள்ளே இருக்கும் மதிப்புகளுக்கும் இதே கணக்கு. உரைப் புலத்தின் அகலம் 20 என்று வைத்தால் ஆறு குறிகள்தான் பிடிக்கும். 'கோயம்புத்தூர்' 13 குறிகள், 39 பைட். 'கோயம்ப' என்று அறுந்துபோய் நிற்கும். ஒரு புலத்தின் உச்ச அகலமே 254 பைட்தான். இதோடு 255 புலங்கள் என்ற வரம்பு, 2 ஜிபி வரம்பு, தேதியோடு நேரத்தைச் சேர்த்து வைக்க முடியாதது, வெற்று மதிப்புக்கும் சுழியத்துக்கும் இடையில் சில மென்பொருள்களில் வரும் குழப்பம் எல்லாம் உண்டு.

ஜியோபேக்கேஜ் என்பது எஸ்கியூலைட் தரவுத்தளம். மேற்சொன்ன தொல்லைகள் அதில் இல்லை. அலுவலகம் ஷேப்ஃபைலாகத்தான் கேட்கிறது என்றால் வேலையை ஜியோபேக்கேஜில் முடித்துவிட்டு, புலப் பெயர்களை ஆங்கிலத்தில் 10 எழுத்துக்குள் சுருக்கி, கடைசியில் ஏற்றுமதி செய்யுங்கள். திரையில் தமிழ்த் தலைப்பு வேண்டுமென்றால் லேயர் ப்ராப்பர்டீஸில் அட்ரிபியூட்ஸ் ஃபார்ம் பகுதியில் ஒவ்வொரு புலத்துக்கும் ஏலியஸ் (மாற்றுப் பெயர்) கொடுக்கலாம்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துகளாக வருகின்றன.

இரண்டு நோய்கள் ஒரே அறிகுறியோடு வரும். தலையில் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் தரவு யூனிகோடில்தான் இருக்கிறது, தவறான குறியாக்கத்தில் படிக்கப்படுகிறது. லேயர் ப்ராப்பர்டீஸில் சோர்ஸ் பகுதிக்குப் போய் டேட்டா சோர்ஸ் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். நிரந்தரமாகச் சரியாக, ஷேப்ஃபைலின் அதே பெயரில் ஒரு சிபிஜி கோப்பை நோட்பேடில் உருவாக்கி, உள்ளே யூடிஎஃப்-8 என்பதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிச் சேமித்தால் போதும்.

சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்து வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சிடப்பட்டது. என்கோடிங்கை எதற்கு மாற்றினாலும் பயனில்லை. அந்தப் புலத்தை வெளியே எடுத்து, எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, மறுபடி இணைக்க வேண்டும்.

யூடிஎஃப்-8 சிஎஸ்வியை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தாலும் இதே கோலம் வரும். டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக 65001 குறியாக்கத்தைத் தேர்ந்து திறங்கள்.

புலத்தின் வகையை எப்படித் தீர்மானிப்பது?

அந்த மதிப்பைக் கூட்டவோ பெருக்கவோ போகிறீர்களா? இல்லை என்றால் உரை. மாவட்டக் குறியீடு, கிராமக் குறியீடு, அஞ்சல் குறியீடு, கைபேசி எண், சர்வே எண் எல்லாமே உரைதான். சர்வே எண் 112/2ஏ என்று வந்ததுமே எண் புலம் கைவிரித்துவிடும்.

முழு எண்ணில் 32 பிட் புலம் 214 கோடியே 74 லட்சம் வரைதான் தாங்கும். சதுர மீட்டரில் பெரிய பரப்பு, ரூபாயில் திட்ட மதிப்பு என்றால் 64 பிட் எடுங்கள். ஷேப்ஃபைலில் தசம எண் வைக்கும்போது நீளம் என்பது புள்ளியையும் சேர்த்து. நீளம் 10, தசம இடம் 2 என்றால் புள்ளிக்கு முன்னால் 7 இலக்கம்தான். சென்னை மாவட்டத்தின் பரப்பு சதுர மீட்டரில் 9 இலக்கம், அதில் அடங்காது. நீளம் 15, தசமம் 2 என்று வைத்துவிட்டால் நிம்மதி.

உருவாக்கிய பிறகு வகையை மாற்ற வேண்டுமா? நேராக மாற்ற முயல்வதைவிட ப்ராசஸிங் கருவிப்பெட்டியில் ரீஃபேக்டர் ஃபீல்ட்ஸ் ஓட்டுவதே நல்லது. பெயர், வகை, நீளம், வரிசை நான்கையும் ஒரே பெட்டியில் மாற்றிப் புதிய லேயராகத் தந்துவிடும். மூலம் பத்திரமாக இருக்கும்.

மக்கள்தொகை அட்டவணையை மாவட்ட வரைபடத்தோடு இணைத்தேன். பாதிக்கு மேல் வெற்றாக வருகிறது.

முதலில் முறையான வழி. சிஎஸ்வியை டேட்டா சோர்ஸ் மேனேஜரில் டிலிமிட்டட் டெக்ஸ்ட் வழியாக, நோ ஜியாமெட்ரி என்று குறித்துச் சேருங்கள். வரைபட லேயரின் ப்ராப்பர்டீஸில் ஜாயின்ஸ் பகுதியைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, சிஎஸ்வியையும் இரு பக்கப் பொதுப் புலங்களையும் தேர்ந்தெடுங்கள். எல்லாப் புலங்களையும் இழுத்து வராமல் தேவையானவற்றை மட்டும் குறியிடுங்கள்.

இணைந்த பிறகு செய்யவேண்டிய முதல் வேலை, இணைந்து வந்த மக்கள்தொகைப் புலம் ஈஸ் நல் (வெற்று) என்று வடிகட்டிப் பார்ப்பது. வெற்றாக நிற்கும் வரிகளைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். வழக்கமாகச் சிக்குபவை இவை:

பெயரை வைத்து இணைத்தது. தூத்துக்குடி ஒரு கோப்பில் தமிழ் ஒலிப்படியும் மற்றதில் டூட்டிகோரின் என்றும் இருக்கும். பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். அதை ட்ரிம் ஃபங்ஷன் தீர்க்கும்.

தமிழிலேயே இருந்தாலும் ஆபத்து உண்டு. 'கோ' என்பதை இரட்டைக்கொம்பும் துணைக்காலும் ஒன்றான ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு வேறு கால் வேறு என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டு 'கோயம்புத்தூர்'களும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. சந்தேகம் வந்தால் லென்த் ஃபங்ஷனைக் கொண்டு இரு பக்கமும் எண்ணிப் பாருங்கள்: ஒன்று 13 என்றும் மற்றது 14 என்றும் வந்தால் அதுதான் காரணம். கொ, கோ, கௌ வரிசைகள் வரும் எல்லாப் பெயரிலும் இது நேரலாம்.

முன் சுழியம் போனது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 9 வரையிலான மாநிலக் குறியீடுகள் 01, 02 என்று தொடங்கும். எக்செல் அவற்றை 1, 2 ஆக்கிவிடும். எல்பேட் ஃபங்ஷனால் சுழியத்தை மறுபடி சேர்க்கலாம். வராமலே தடுக்க, சிஎஸ்வியின் அதே பெயரில் சிஎஸ்விடி நீட்டிப்போடு ஒரு சிறு கோப்பு வைத்து, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஸ்ட்ரிங், இன்டீஜர், ரியல் என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டுக் குறியீடு 33. 2011 மாவட்டக் குறியீடுகள் 602-லிருந்து 633 வரை. இவற்றில் முன் சுழியம் இல்லாததால் தமிழ்நாட்டோடு நின்றால் இந்தச் சிக்கல் தெரியாது, இந்திய வரைபடம் போடும்போதுதான் தெரியும்.

இன்னொன்று: ஒன்றிய அரசின் உள்ளாட்சிப் பட்டியலான லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரியின் குறியீடும் கணக்கெடுப்புக் குறியீடும் வேறு வேறு. இரண்டுமே எண்கள்தான் என்பதால் கலந்துவிட எளிது.

இணைப்பு சரி, ஒரு வெற்று வரியும் இல்லை. இனிக் கவலை இல்லைதானே?

இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. இன்றைய எல்லையோடு 2011 அட்டவணையைப் பெயரால் இணைத்தால் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் வெற்றாக நிற்கும். அது கண்ணில் படும். கண்ணில் படாதது, விழுப்புரம், திருநெல்வேலி, காஞ்சிபுரம், வேலூர், நாகப்பட்டினம் ஐந்தும் பிரிவதற்கு முந்தைய முழு மக்கள்தொகையைச் சுருங்கிப்போன எல்லைக்குள் வைத்திருப்பது. அடர்த்தி வரைபடத்தில் அந்த ஐந்தும் அநியாயத்துக்கு அடர்சிவப்பாக வரும்.

சென்னை இதற்கு நேர் எதிர். 2011-இல் மக்கள்தொகை 46,46,732, பரப்பு 175 சதுர கிலோமீட்டர்; அடர்த்தி 26,553. மாவட்டம் 2018-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுத்தால் 10,908 வருகிறது. பெயர் பொருந்துகிறது, வெற்று வரி இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. விடை மட்டும் பாதிக்கும் கீழே.

சரியான வழி இரண்டு. அட்டவணையின் ஆண்டுக்கே உரிய எல்லைக் கோப்பைப் பயன்படுத்துவது முதலாவது. இன்றைய எல்லையில்தான் வேண்டும் என்றால் கிராம, வார்டு அளவிலான 2011 தரவை எடுத்து, ஜாயின் அட்ரிபியூட்ஸ் பை லொகேஷன் மூலம் ஒவ்வொன்றும் இன்றைக்கு எந்த மாவட்டத்தில் விழுகிறது என்று குறித்து, பிறகு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பை கேட்டகரீஸ் மூலம் கூட்டுவது. எல்லைகள் உரசும் இடத்தில் ஒரு கிராமம் இரண்டு மாவட்டத்தில் எண்ணப்படாமலிருக்க, மிக அதிகம் மேற்பொருந்தும் ஒன்றை மட்டும் எடுக்கும் தேர்வைக் குறியிடுங்கள்.

புதிய மாவட்டங்களைத் தாய் மாவட்டங்களோடு ஒட்டவைக்க டிசால்வ் கருவியை நாடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது வடிவத்தைச் சேர்க்கும், எண்களைக் கூட்டாது. முதலில் வந்த பதிவின் மதிப்பு அப்படியே நிற்கும். கூட்டுத்தொகை வேண்டுமென்றால் அக்ரிகேட் கருவி.

ஒரு கிராமத்துக்குப் பத்து கிணறு. ஜாயின் செய்தால் ஒன்றுதான் வருகிறது.

ஜாயின்ஸ் பகுதியின் இணைப்பு முதலில் பொருந்தும் ஒரு வரியோடு நின்றுவிடும். பத்தும் வேண்டுமென்றால் ஜாயின் அட்ரிபியூட்ஸ் பை ஃபீல்டு வேல்யூ கருவியில் ஒன்றுக்குப் பல என்ற தேர்வை எடுங்கள். கிராம வடிவம் பத்து முறை ஒன்றின் மேல் ஒன்றாக வரும் என்பதால் அதன்பின் பரப்பைக் கூட்டாதீர்கள். பார்வைக்கும் பதிவுக்கும் மட்டும் என்றால் ப்ராஜெக்ட் ப்ராப்பர்டீஸில் ரிலேஷன்ஸ் அமைப்பதே அழகு.

பரப்பளவு 0.035 என்று வருகிறது. சில நேரம் 0 என்றே வருகிறது.

சென்னைதானே? லேயர் அட்சரேகை–தீர்க்கரேகை டிகிரியில் இருக்கிறது. வந்திருப்பது சதுர டிகிரி. புலம் முழு எண்ணாக இருந்தால் அதுவும் போய் 0 ஆகிவிடும்.

ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்புக்கு இரண்டு ஃபங்ஷன்கள் உள்ளன. டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா, ப்ராஜெக்ட்டில் அமைத்த நீள்கோளத்தையும் பரப்பு அலகையும் பின்பற்றும். டிகிரி லேயரிலும் சரியான விடை தரும். வடிவத்தை அடைப்புக்குள் வாங்கும் ஏரியா, லேயரின் ஆயத்தொலை அலகிலேயே தட்டையாகக் கணக்கிடும். 0.035 வந்தது இரண்டாவதிலிருந்து. முதலாவதிலும் ஒரு கண்ணி உண்டு: ப்ராஜெக்ட் அலகு ஹெக்டேர் என்று இருந்தால் விடையும் ஹெக்டேரில்தான் வரும், அதை மறுபடி 10,000-ஆல் வகுத்துவிடாதீர்கள்.

மீட்டர் அலகிலான முறைக்கு மாற்றுபவர்கள் கவனிக்க: 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் குறுக்கே போகிறது. அது யூடிஎம் என்ற மீட்டர் ஆயத்தொலை முறையின் இரண்டு மண்டலங்களுக்கு எல்லை. சென்னை, மதுரை, சேலம் யூடிஎம் 44 வடக்கு, இபிஎஸ்ஜி எண் (மென்பொருளில் ஆயத்தொலை முறையைத் தேர்ந்தெடுக்கும் எண்) 32644. கோவை, திருநெல்வேலி 43 வடக்கு, எண் 32643. இலங்கைக்கு 5235 உண்டு.

சதுர மீட்டரிலிருந்து ஹெக்டேருக்கு 10,000, ஏக்கருக்கு 4046.86, சென்ட்டுக்கு 40.47, கிரவுண்டுக்கு 222.97 ஆல் வகுக்கவும். ரவுண்டு ஃபங்ஷனில் ஹெக்டேருக்கு 4 தசம இடம் வைத்தால் ஒரு சதுர மீட்டர் வரை துல்லியம் நிற்கும். பட்டாவில் 0 - 40.50 என்று இருப்பது 0 ஹெக்டேர் 40.50 ஏர், அதாவது 4,050 சதுர மீட்டர். அதை அட்டவணையில் ஏற்றும்போது ஏர் பகுதியை 100-ஆல் வகுத்து ஹெக்டேரோடு கூட்டுங்கள்: 0.4050.

எல்லையைத் திருத்தினேன், பரப்புப் புலம் மாறவில்லை.

மாறாது. கால்குலேட்டர் அந்த நேரத்து விடையை எழுதிவைக்கிறது, அவ்வளவுதான். தானாக மாற வேண்டுமென்றால் அட்ரிபியூட்ஸ் ஃபார்மில் அந்தப் புலத்தின் டிஃபால்ட் வேல்யூவில் பரப்பு எக்ஸ்பிரஷனை எழுதி, அப்ளை ஆன் அப்டேட் குறியிடுங்கள். விர்ச்சுவல் ஃபீல்டும் தானாக மாறும், ஆனால் அது ப்ராஜெக்ட் கோப்பில் மட்டுமே வாழ்கிறது. லேயர் கோப்பை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்தால் அவரிடம் அந்தப் புலம் இருக்காது.

"மாவட்டம்" <> 'சென்னை' என்று தேர்ந்தால் சில பதிவுகள் விடுபடுகின்றன.

மாவட்டம் வெற்றாக இருக்கும் பதிவுகள் அவை. வெற்று மதிப்பு எதற்கும் சமமும் இல்லை, சமமற்றதும் இல்லை. அதை ஈஸ் நல் என்று தனியாகக் கேட்க வேண்டும்; சமக்குறி போட்டால் ஒன்றும் வராது. கூட்டலிலும் இதே குணம்: "ஆண்" + "பெண்" என்பதில் ஒன்று வெற்றாக இருந்தால் மொத்தமும் வெற்று. கோலெஸ் ஃபங்ஷனுக்குள் "ஆண்", 0 என்று கொடுத்தால் வெற்றைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். தரவே இல்லாத இடத்தில் சுழியம் போடுவது சரியா என்பதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

மேற்கோள்களையும் கவனியுங்கள். புலத்துக்கு இரட்டை, மதிப்புக்கு ஒற்றை. வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் வேலை செய்யாது.

"அ" / "ஆ" என்ற வகுத்தல் ஓரிடத்தில் 3.5, இன்னோரிடத்தில் 3 தருகிறது.

ஃபீல்டு கால்குலேட்டரில் 7 / 2 என்பது 3.5. ஜியோபேக்கேஜ் லேயரின் ஃபில்டர் பெட்டியும் விர்ச்சுவல் லேயரும் எஸ்கியூலைட்டைக் கேட்கின்றன. அதற்கு இரு பக்கமும் முழு எண் என்றால் விடையும் முழு எண். 1.0-ஆல் பெருக்கிவிட்டு வகுங்கள்.

சிஎஸ்வியில் 46,46,732 என்று காற்புள்ளியோடு எண்கள் இருந்தால் கணக்கே நடக்காது, அது உரை. ரீப்ளேஸ் ஃபங்ஷனால் காற்புள்ளியை நீக்கி, டு இன்ட் ஃபங்ஷனால் எண்ணாக்குங்கள்.

கால்குலேட்டர் சில வரிகளை மட்டும் நிரப்பியது.

ஏதோ பதிவுகள் தேர்வில் இருந்திருக்கின்றன. தேர்வு இருந்தால் 'தேர்ந்தவற்றை மட்டும் புதுப்பி' என்ற பெட்டி தானாகவே குறியிடப்பட்டிருக்கும். ஏற்றுமதியிலும் இதே பெட்டி உண்டு. மஞ்சள் நிறம் திரைக்கு வெளியே எங்கேனும் இருக்கலாம்; முதலில் தேர்வை நீக்குங்கள். அட்டவணையின் கீழ்மூலையில் போடும் வடிகட்டி காட்சியை மட்டும் குறைக்கும். லேயர் மேல் கன்ட்ரோல்+எஃப் போட்டு வைக்கும் ஃபில்டர் வரைபடம், கணக்கு, ஏற்றுமதி அனைத்தையும் குறைக்கும். பின்னதை எடிட்டிங் நடக்கும்போது மாற்ற முடியாது.

ஜியோபேக்கேஜில் சேமிக்கும்போது யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் ஃபெயில்டு என்று வருகிறது.

எஃப்ஐடி என்ற புலம் ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண்ணாக இருக்க வேண்டும். ஒட்டியெடுத்த பதிவுகளோ இரண்டு லேயர்களைச் சேர்த்ததோ அதே எண்களைத் திரும்பக் கொண்டுவந்திருக்கும். புதிய பதிவுகளில் எஃப்ஐடியை ஆட்டோஜெனரேட் என்று விடுங்கள். ஏற்றுமதி என்றால் புலப் பட்டியலில் எஃப்ஐடியின் குறியை எடுத்துவிட்டால் புதிய எண்கள் தானாக வரும். வேறு அட்டவணைகளை இணைக்க எஃப்ஐடியை நம்பாதீர்கள், அதற்கென உங்கள் சொந்தக் குறியீட்டுப் புலம் வையுங்கள்.

களப்பணியாளர்கள் ஒரே விஷயத்தை ஐந்து விதமாக எழுதுகிறார்கள்.

எழுதவே விடாதீர்கள். அட்ரிபியூட்ஸ் ஃபார்மில் அந்தப் புலத்துக்கு வேல்யூ மேப் கொடுத்தால் கீழிறங்கு பட்டியல் வரும்: உள்ளே 1, 2, 3 சேமிக்கப்படும், திரையில் ஆழ்துளைக் கிணறு, திறந்த கிணறு, அடிபம்பு என்று தெரியும். ஆழத்துக்கு ரேஞ்ச் விட்ஜெட். கட்டாயப் புலங்களுக்கு நாட் நல், எண் திரும்ப வரக்கூடாதவற்றுக்கு யூனிக். பதிவு நேரத்துக்கு டிஃபால்ட் வேல்யூவாக நௌ ஃபங்ஷன். பட்டியல் நீளமானால் அதைத் தனி அட்டவணையில் வைத்து வேல்யூ ரிலேஷன் மூலம் இழுங்கள்.

சேமித்த பிறகு பழையதற்குத் திரும்ப முடியுமா?

முடியாது. கன்ட்ரோல்+இசட் சேமிப்பதற்கு முன்பு வரைதான். பெரிய மாற்றத்துக்கு முன் பிரதி எடுங்கள்; ஜியோபேக்கேஜைப் பிரதி எடுக்கும்போது கியூஜிஐஎஸ்ஸை மூடிவிட்டு எடுங்கள். திறந்திருக்கும்போது பக்கத்தில் டபிள்யூஏஎல் என்று முடியும் துணைக் கோப்பு ஒன்று இருக்கும், அண்மைத் திருத்தங்கள் இன்னும் அதில்தான் கிடக்கலாம்.